ஃபார்மில் நான் போட்ட கோடு

தோஹாவில் நான் போகும் கிளினிக்கில் எடை பார்க்கும்போது நர்ஸ் வாயைத் திறப்பதில்லை. பிலிப்பைன்ஸ்காரப் பெண். எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, இறங்கலாம் என்று தலையை மட்டும் ஆட்டுவார். பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. பதினொரு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. குற்றாலத்தில் சீசன் நேரம், அருவிக்குப் போகிற வழியில் எடை மிஷின் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா பிள்ளைகள் என்னைப் பிடித்து அதில் ஏற்றிவிட்டார்கள். "நூத்தி முப்பத்தொண்ணு! அண்ணாச்சி, சட்டுனு எறங்குங்க, இந்த மிஷின வச்சுத்தான் எம் பொழப்பு ஓடுது" என்று கத்தினார். சிப்ஸ் கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அக்கா வீட்டுக்காரரான என் அத்தானும் வயிறு குலுங்கச் சிரித்தார். அவரே நூற்றுப்பத்துக்குக் குறையமாட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்குச் சர்க்கரை இருந்தது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் சொல்லியிருந்தார். அந்த லீவிலேயே, கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். வெளியே ஐந்து சிறிய தழும்பு, அவ்வளவுதான். என் மனைவி செல்விக்கு மட்டும் தெரியும். யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று ஆஸ்பத்திரிக் காகிதங்களை நான்தான் அவளைக் கிழித்துப் போடச் சொன்னேன். தின்று வளர்த்ததைக் கத்தி வைத்துக் குறைத்தான் என்று எங்கள் ஊர் அச்சன்புதூர் முழுக்கப் பேசுமே, அந்தப் பயம்.

தோஹா திரும்பியதும் கம்பெனி இன்சூரன்ஸைப் புதுப்பிக்க ஒரு ஃபார்ம் வந்தது. கொடுத்தவர் ஆபீஸில் இருக்கும் நசீர் பாய், கடையநல்லூர்க்காரர். முன்பு செய்துகொண்ட ஆபரேஷன்களை எழுத ஒரு கட்டம் இருந்தது. நசீர் பாய்க்குத் தெரிந்தால் கடையநல்லூருக்குத் தெரியும், அங்கே தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் என் ஊருக்கு வந்துவிடும். கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் அப்பா, வயலில் வரப்பைத் தள்ளிப் போட்டது தான்தான் என்று ஊர் முன்னால் ஒத்துக்கொண்டவர். நான் ஒரு சின்னக் கட்டத்துக்குள் உண்மையை எழுதத் துப்பில்லாதவன்.

அடுத்த லீவில் ஐம்பது கிலோ குறைந்து ஊருக்குப் போனேன். கேட்டவர்களிடமெல்லாம், "ராத்திரி ரெண்டு சப்பாத்தி, காலையில ஒரு மணி நேரம் நடை" என்றேன். அருவிக்குக் கூப்பிட்டால் சைனஸ் என்றேன். சட்டையைக் கழற்ற வேண்டுமே. அத்தான் தென்காசியில் போலீஸ் ஏட்டு. என்னை ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு போனார். "பாருங்கலே, எம் மச்சினன். வாயக் கட்டுனான், எப்படி ஆயிட்டான்!" நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரியிலிருந்து அவரும் சப்பாத்திக்கு மாறினார். அந்தச் சீசனில் பேரருவியில் பந்தோபஸ்துக்கு நின்றவர், வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். அந்தச் செய்தியைப் போனில் கேட்டபோதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. குடித்ததெல்லாம் வாந்தி. தோஹா ஆஸ்பத்திரியில் எகிப்து டாக்டர், ஆபரேஷன் ஏதாவது செய்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தழும்புகளை விரலால் எண்ணினார். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். அவர் திரையை இழுத்து மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்: "உனக்குத் தெரியாமல் யாராவது உன் உறுப்பை எடுத்துவிட்டார்களா? பயப்படாதே, போலீஸைக் கூப்பிடுகிறேன்." முன்பின் தெரியாத மனிதர் எனக்காகப் பதறினார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் கையை மெதுவாக விட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மிச்ச இரைப்பை நடுவில் சுருங்கிவிட்டது, குழாய் விட்டுப் பல தடவை விரிக்க வேண்டும், சரிவராவிட்டால் இன்னொரு ஆபரேஷன் என்றார்கள். பழைய ஆபரேஷனை மறைத்ததால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்தது. நசீர் பாய் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் சொல்லித்தான் செஞ்சேன்னு காயிதத்தோட எழுதிருந்தா, பின்னால வார சிக்கலுக்கும் நம்ம பாலிசியில உண்டு அண்ணாச்சி. இப்படிக் கோடு போட்டு வச்சிருக்கியளே!"

"உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு..."

"எனக்கு வேற சோலியே இல்லன்னு நெனச்சியளோ? எம் மச்சானே இந்த ஆபரேஷன் பண்ணிருக்கான். எம் பொஞ்சாதிக்கிட்டகூட நான் மூச்சு விடல." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப உங்ககிட்ட உளறிட்டேன், வெளிய சொல்லிராதீங்க" என்றார்.

மேல்முறையீட்டுக்கு மதுரை ஆஸ்பத்திரியின் முத்திரை போட்ட காகிதங்கள் வேண்டும். ஊரில் இருக்கும் செல்வி கைக்குழந்தையோடு அலைய முடியாது. அத்தானைத்தான் கேட்க வேண்டும். போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ சப்பாத்தி?"

"அது இல்ல அத்தான்."

"நடை?"

"அது உண்டு. கொஞ்சம்."

"எம் பல்லு போச்சேலே, பாவி."

அப்புறம் என்னைத் திட்டித் தீர்த்தார். கடைசியில், "ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் எழுதி, ஆதார் காப்பியோட அனுப்பு. காலையில மதுரைக்குப் போறேன்" என்று வைத்துவிட்டார்.

மேல்முறையீட்டில், மறைத்ததற்குக் காரணம் எழுதச் சொன்னார்கள். வெட்கம் என்று எழுதினேன். முதல் தடவை ஆஸ்பத்திரியில் படுத்த செலவைத் தர மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகான சிகிச்சையை ஏற்றுக்கொண்டார்கள். என்னை மாதிரி வெளிநாட்டில் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன்: காகிதத்தைக் கிழிக்காதீர்கள், கட்டத்தை ஒழுங்காக நிரப்புங்கள். ஊர் உங்கள் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு வந்து நிற்காது.

இந்தச் சீசனுக்கு வந்தபோது அருவிக்கரையில் சட்டையைக் கழற்றினேன். அத்தான் எண்ணெய் தேய்த்துவிட்டார். தழும்பு வந்த இடத்தில் கை நின்றது.

"வெட்டுனத எங்கலே போட்டானுவ?"

"மதுரையில எங்கயோ, அத்தான்."

ஓட்டைப்பல் தெரியச் சிரித்து, என்னை அருவிக்குள் தள்ளினார். முக்கால் வயிறு மதுரையோடு போயிற்று. மிச்சக் கால் வயிற்றுக்கான இன்சூரன்ஸ் அட்டை தோஹாவில்தான் செல்லும், இங்கே செல்லாது. ஒரு மடக்கு கூடுதலாகப் போனாலும் இன்னும் வாந்தி வருகிறது. சுற்றிலும் எல்லோரும் வாயைத் திறந்து கூச்சல் போட்டுக் குளித்தார்கள். நான் மட்டும் பிறந்த ஊர்த் தண்ணீருக்கடியில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.