டீக்கடைக்கு எதிரே நின்ற வேன்

சிவரஞ்சனிக்கு ராஜபாளையம். கிராமங்களில் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளையில் விளம்பர வேலை பார்த்தாள். மகாராஜபுரத்து முகாமுக்காக ஒரு வாரம் அலைந்தாள். களையெடுக்கும் பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து பேசியபோது ஒன்று புரிந்தது. நோயைவிட, யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் அவர்கள் அதிகம் பயந்தார்கள்.

அதனால் ஆட்டோவில் போடும் அறிவிப்பை அவளே எழுதிப் பேசினாள். “பொம்பளை டாக்டர் வாராங்க. செத்த நேரத்துல முடிஞ்சிரும். பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியா வாங்க.”

மேலாளர் வைகுண்டராஜுக்கு அது பிடிக்கவில்லை. “இதுல நம்ம பேரே இல்லையேம்மா. பணம் குடுக்கிறவங்களுக்கு என்னத்தைக் காட்டுறது?”

முகாமன்று, வைகுண்டராஜ் சொன்னபடி, பரிசோதனை வேன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில், டீக்கடைக்கு எதிரே நின்றது. சுற்றிலும் பிளக்ஸ், ‘மார்பகப் புற்றுநோய்’ என்று ஆளுயர எழுத்து. பெஞ்சிலிருந்த ஆண்கள் அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்பில் கட்டி இருப்பதாக வரப்பில் வைத்து சிவரஞ்சனியிடம் மட்டும் சொல்லியிருந்த முத்துப்பேச்சி, தெருமுனை வரைக்கும் வந்து நின்றாள்.

“பின்வாசல்னுதான தாயி சொன்ன?”

“ஆமாக்கா. செத்த நில்லுங்க, வண்டிய மாத்தச் சொல்லுதேன்.”

“எம்மவள இப்பத்தான் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காவ. இதுல ஏறுனா அவிய என்ன நினைப்பாவ?”

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் திரும்பிப் போனாள். சிவரஞ்சனி வைகுண்டராஜுக்குப் போன் போட்டாள். “போட்டோ எடுக்க ஆள் வரட்டும், அதுவரைக்கும் நகத்தாதீங்க” என்றார். போட்டோக்காரர் மத்தியானம்தான் வந்தார். அவர் போனதும் சிவரஞ்சனியே பிளேடால் கயிற்றை அறுத்து பிளக்ஸைக் கழற்றினாள். வேன் பின்வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். தயங்கித் தயங்கி வந்தவர்களில் பாதிப் பேரைத்தான் பார்க்க முடிந்தது.

‘பொதுமக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கை எழுதிய வைகுண்டராஜ், அடுத்த முகாமுக்கு இன்னும் பெரிய பிளக்ஸ் கேட்டார். சிவரஞ்சனி அவரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் எழுந்து வந்துவிட்டாள்.

மறுவாரம் மகாராஜபுரம் போய், பஸ் ஸ்டாப்புக்குச் சற்றுத் தள்ளி முத்துப்பேச்சியைப் பார்த்தாள். “ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்க்கா. யாருக்கும் தெரியாது.”

“அன்னைக்கும் இப்படித்தான சொன்ன?” முத்துப்பேச்சியின் குரலில் கோபம்கூட இல்லை. “கல்யாணம் முடியட்டும். பொறவு பாப்போம்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து, நின்று, போனது. முத்துப்பேச்சி ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கிளம்பிவிட்டாள்.