பத்தொன்பது பாத்திமாக்களும் ஒரு புள்ளியும்

அரையாண்டு முடிவில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த தாளின்படி, என் வகுப்புக்கு வந்திருந்தவர்கள் பதின்மூன்று பேர். ஆறு முகம்மது, ஒரு பாத்திமா, வேறு பெயர்களைக் கொண்ட மாணவிகள் ஆறு பேர். வராதவர்கள் பதினெட்டுப் பேர். பதினெட்டும் பாத்திமா. எண்பது வீத வரவு இல்லாதபடியால் இவர்கள் பரீட்சைக்குத் தோற்ற முடியாது என்று கீழே ஒரு வரி, அதற்கும் கீழே பீடாதிபதியின் கையொப்பம். அந்தப் பெயர்களைக் கணினியில் ஏற்றியவன் நான் என்பது மட்டும் தாளில் இல்லை.

யுத்தம் முடிந்த வருடம் அது. நான் தற்காலிக உதவி விரிவுரையாளன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். வெளிநாட்டு உதவியில் எங்கள் விரிவுரை மண்டபத்துக்கு ஒரு தொடுதிரைப் பலகையும், மாணவர் கையில் வைத்து அழுத்தும் நாற்பது சின்னக் கருவிகளும் கிடைத்தன. நான்கு விடைகளில் ஒன்றை அழுத்தினால் எத்தனை பேர் எதைத் தெரிவுசெய்தார்கள் என்று திரையில் தூண் தூணாக எழும். பெடியன்கள் அதை ரிமோட் என்றார்கள். கொழும்பிலிருந்து அவற்றை எடுத்து வந்தவனும் நான்தான். நாற்பது ரிமோட்டும் வயரும் பற்றரியும் கொண்ட ஒரு பெட்டியோடு அந்த நாட்களில் சோதனைச் சாவடிகளைக் கடப்பது எப்படி இருக்கும் என்று கருவிகளைத் தந்த கம்பனிக்காரர் யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் பஸ்ஸை நிறுத்தி, நாற்பதையும் வீதியில் பரப்பி, ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டச் சொன்னார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

வீட்டில் உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். கேள்வியைத் திரை கேட்கும், புள்ளைகள் அழுத்துவார்கள், சரி பிழையைத் திரையே சொல்லும். உம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப உனக்கு அங்க என்ன வேல மகன்?" என்றா.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் கேள்வி கேட்டால் முன்வரிசைப் பெடியன் ஒருவன் பதில் சொல்வான், மற்றவர்கள் குனிந்துகொள்வார்கள். மாணவிகளின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வராது. முதல் நாள் ரிமோட்டைக் கொடுத்து ஒரு கேள்வி போட்டேன். சரியான விடையின் தூண் இருபதைத் தாண்டி எழுந்தது. முன்வரிசைப் பெடியன் பிழையாக அழுத்தியிருந்தான். பின்பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. அன்றைக்கு நான் பஸ்ஸில் ஏறாமல் அரைவாசித் தூரம் நடந்தே வீட்டுக்குப் போனேன். அவ்வளவு சந்தோசம்.

பிரச்சினை அந்தச் சந்தோசத்தில்தான் தொடங்கியது. இனி வரவையும் இந்தக் கருவியே பதியட்டும், கையொப்பம் வைக்கிற தாள் வேண்டாம் என்று பீடாதிபதி சொல்லிவிட்டார். சுனாமியில் பழைய வரவேடுகள் நனைந்து கூழாகிப்போன ஆத்திரம் அவருக்கு இன்னும் இருந்தது. பெயர்களை ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

படிவத்தில் மூன்று பெட்டிகள். முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர். எங்கள் ஊர்களில் குடும்பப்பெயர் யாரிடம் இருக்கிறது? பெண்பிள்ளை பிறந்தால் முதலில் பாத்திமா, பிறகு கூப்பிடுகிற பெயர். ஆகவே பாத்திமாவை முதற்பெட்டியிலும் கூப்பிடுகிற பெயரை நடுப்பெட்டியிலும் போட்டேன். மூன்றாவது பெட்டியை வெறுமையாக விட்டால் கணினி ஏற்கவில்லை. கம்பனிக்குத் தொலைபேசியில் கேட்டேன். ஒரு புள்ளியை வையுங்கள் என்றார்கள். பத்தொன்பது பேருக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் தப்பியிருக்கலாம். பிறப்புப் பதிவாளர்கள் பாத்திமாவை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். படித்தவன் ஒருவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? பத்தொன்பதையும் ஒரே எழுத்தாகத் திருத்தினேன். முகம்மதுகளைத் திருத்தத் தொடங்கும்போது மின்சாரம் போய்விட்டது. அவர்கள் ஆறு பேரும் ஆறு எழுத்துப் பிழைகளோடு அப்படியே கிடந்தார்கள். அதனால்தான் அந்த ஆறு பேரும் பரீட்சைக்குத் தகுதி பெற்றார்கள்.

இயந்திரம் ஆளை அறிவது முதற்பெயராலும் குடும்பப்பெயராலும் மட்டும்தானாம். நடுப்பெட்டியை அது பார்ப்பதே இல்லை. பத்தொன்பது பேர் அழுத்தியதும் பட்டியலில் முதலாவதாக இருந்த பாத்திமாவின் கணக்கிலேயே விழுந்தது. ஆக, அரையாண்டு முழுவதும் என் வகுப்பில் பாத்திமா புள்ளி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு நாளும் தவறாமல் வந்தாள். சில நாட்களில் ஒரே கேள்விக்கு நான்கு விடைகளையும் அழுத்தினாள்.

தாள் ஒட்டிய அன்று பின்னேரம் ஒரு மாணவி என்னிடம் வந்தா. கல்முனைக்குடிப் பிள்ளை. கடல் வந்தபோது வீடும் போய், அதனால் உயர்தரப் பரீட்சை ஒரு வருடம் பிந்தி, பல்கலைக்கழகம் வந்தவ. குரலை உயர்த்தவில்லை.

"நான் ஒரு நாளும் வராம இரிக்கல்ல சேர். இந்த முறை எழுதாட்டி வாப்பா இனி அனுப்பமாட்டாரு. ஒரு வருசம் கடலுக்குக் குடுத்தாச்சு, இன்னொண்ட மெசினுக்குக் குடுக்க ஏலாது எண்டு சொல்றாரு."

அன்று புதன்கிழமை. பரீட்சைக்கு ஐந்து நாட்கள் இருந்தன. பரீட்சைப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த எழுதுவினைஞர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிழை என்னுடையது என்றேன். அவர் அதை மறுக்கவில்லை. "நீங்கதான் தம்பி இதக் கொண்டு வந்த. இப்ப நீங்களே இது பொய் எண்டா நாங்க எத நம்புற?" ஒவ்வொருவரும் தாம் வந்ததாகச் சமாதான நீதவான் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி தரவேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் வந்து சேரவேண்டும், சாட்சிக்குக் கையெழுத்து வைப்பவர் வகுப்புக்கு வந்தவர் என்று பட்டியலில் இருக்கவேண்டும் என்றார். இதைக் கேள்விப்பட்டு மாவடிப்பள்ளி மாணவன் ஒருவன் சாட்சிக்கு வருவதாகச் சொன்னான். அவன் அந்த அரையாண்டில் பாதியை வயலில் வெள்ளாமை வெட்டில் கழித்தவன். கூட்டாளி இரண்டு ரிமோட்டை அழுத்தி அவனுக்கு எண்பத்தைந்து வீதம் வாங்கிக் கொடுத்திருந்தான். வேண்டாம் என்றேன். கடைசியில், பட்டியலில் தப்பிய ஒரே பாத்திமா மற்றப் பதினெட்டுப் பேருக்கும் சாட்சி வைக்க வந்தா.

வியாழக்கிழமை கல்முனை பசாரில், சமாதான நீதவானின் கந்தோர் வாசலில் இருபது பேர் நின்றோம். காபன் பிரதி செல்லாது என்று பரீட்சைப் பிரிவு சொல்லியிருந்தபடியால் தட்டச்சுக்காரர் ஒரே கடிதத்தைப் பதினெட்டுத் தரம் அடித்தார். நீதவான் விசயத்தை இரண்டு தரம் கேட்டு, கண்ணாடியைக் கழற்றினார். சுனாமிக்குப் பிறகு அவருடைய முக்கால்வாசி வேலை, அடையாள அட்டையில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருக்கிறவர்களுக்குக் கடதாசி எழுதுவது.

"இவ்வளவு நாளும் ரெண்டு பேரு, ஆள் ஒண்டுதான் எண்டு எழுதிக் குடுத்த," என்றார். "ஒரு பேரு, ஆள் பத்தொம்பது எண்டு இண்டைக்குத்தான் எழுதுறன். இது எந்தச் சட்டத்தில வருகுதோ."

தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார். வெள்ளி பதினொன்றரைக்குப் பதினெட்டுக் கடதாசிகளையும் பரீட்சைப் பிரிவின் மேசையில் வைத்தேன். எழுதுவினைஞர் ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில், எல்லாம் ஒரே பேராயிருக்கே, எப்படிப் பிரித்து அடுக்குவது என்று கேட்டார். நடுப்பெயரைப் பாருங்கள் என்றேன். அதை நான் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை பதினெட்டுப் பேரும் எழுதினார்கள். கல்முனைக்குடிப் பிள்ளை மண்டபத்துக்குள் போகும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய காரணமும் இல்லை. செலவை நான் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவர்கள் வாங்கவில்லை, என் சம்பளம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். ஆளுக்குத் தட்டச்சு இருநூற்றைம்பது, முத்திரை ஐம்பது, பஸ் ஐம்பது. வகுப்புக்கு வந்தோம் என்று சொல்வதற்குப் பதினெட்டுப் பேருக்கும் ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் போனது.