நுரையீரலில் நகர்ந்த நிழல்

கோலா கெத்திலில் இருந்த சிறிய தனியார் மருத்துவமனை ஒன்றில் இஞ்ஞாசிமுத்து எக்ஸ்ரே எடுப்பவராய்ப் பணியாற்றினார். திகாம் பத்துக்கு அருகே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில், வரிவரியாய் ராகமிட்டு வேண்டும் மன்றாட்டு மாலையை முன்மொழிபவர். உடம்புக்கு உரியதல்லாத நிழல் எதுவும் படத்தில் விழலாகாது என்பது அவர் கொண்டிருந்த விரதம். ஆகவே வந்தவர் ஒவ்வொருவரிடமும் மன்றாட்டின் அதே ராகத்தில் ஓதுவார்:

"சங்கிலி, கழட்டு. வளையல், கழட்டு. ஊக்கு, கழட்டு. இரும்பு, வெள்ளி, தங்கம் எதுவும் மேல இருக்கப்படாது."

கத்தோலிக்கர் கழுத்தில் தொங்கும் புனித உத்தரீயத்தைக் கழற்றி, முத்தமிட்டு, மேசைமேல் வைப்பர். இந்துப் பெண்களிடம் மட்டும் மன்றாட்டு தடைபடும். தாலியைக் கழற்ற மாட்டார்கள். முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்கிறோம் என்பார்கள். கதிரோ மார்பென்றும் முதுகென்றும் வேற்றுமை பாராட்டாமல் ஊடுருவுவது. ஆகவே தாலியைப் பல்லால் கவ்விக்கொண்டு நிற்கும்படி அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கயிறு கழுத்தை நீங்கவில்லை; தாலி மார்பை நீங்கியது. இருதரப்புக்கும் குறையில்லை என்பது அவர் எண்ணம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டில் அழகம்மா என்பவள் மாமியார் மருதம்மாளோடு வந்தாள். அவர்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கணவன் அம்மாசிக்கு வேலை போயிருந்தது. அவளுக்குச் சுங்கைப் பட்டாணியில் எலக்ட்ரானிக் தொழிற்சாலை வேலை கூடிவந்திருந்தது. நெஞ்சுப் படம் சுத்தமாயிருந்தால் திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறலாம். இல்லையேல் அவள் இடத்தில் வேறொருத்தி ஏறுவாள்.

"தாலி?" என்றார் இஞ்ஞாசிமுத்து.

"மாமியா கையில குடுத்துட்டேன் அண்ணே. வெளிய வச்சிருக்காங்க."

கேளாமலே கழற்றிய பெண்ணை அவர் அதுவரை கண்டதில்லை. அகமகிழ்ந்து, அவள் தோள்களை முன்தள்ளிப் பலகையோடு சேர்த்தார். "மூச்ச இழு. புடி. ஆடாத."

கழுவி எடுத்த படத்தில், இடப்பக்க நுரையீரலின் மேற்பகுதியில், முட்டை வடிவில் வெளிறிய நிழல் ஒன்று கிடந்தது. டாக்டர் தர்மலிங்கம் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார்.

"காசநோயா இருக்கலாம். இன்னொண்ணு எடுங்க. அதுலயும் இருந்தா அலோர் ஸ்டார் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். வேலைய மறந்துட வேண்டியதுதான்."

வெளியே மருதம்மாள் கேட்டாள். "என்னவாம்?"

"இன்னொரு படமாம் அத்தே."

"மூஞ்சிய உர்ருன்னு வச்சிருந்திருப்ப."

இரண்டாம் படத்திலும் நிழல் இருந்தது. ஆனால் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. இஞ்ஞாசிமுத்து இரு படங்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் நோக்கினார். நோய் இருந்த இடத்தில் இருக்கும். நகர்வது, தொங்குவது.

"அழகம்மா, கழுத்துல என்ன கெடக்கு?"

"ஒண்ணுமில்லலா அண்ணே."

"ஒண்ணுமே இல்லியா?"

"மஞ்சதான்."

படமெடுக்க உடுத்தியிருந்த அங்கியின் கழுத்துக்குள்ளிருந்து புதிய மஞ்சள் கயிற்றை இழுத்தாள். அதன் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு மஞ்சள் கிழங்கு.

"தாலிய எறக்குனா கழுத்து வெறுமனே இருக்கப்படாதே. நீங்க இரும்பு, வெள்ளி, தங்கம்னுதானே கேட்டீங்க? மஞ்ச என்ன இரும்பா?"

மன்றாட்டில் பிழை இருந்தது. அவர் வேறொன்று கேட்டார். "தாலிய ஏன் எறக்குன? பல்லுல கவ்விக்கிட்டா போதுமே."

அழகம்மா சுவரைப் பார்த்தாள். "எச்சி படலாமா அண்ணே?"

"இத்தன பேரு கவ்வியிருக்காங்களே."

"கவ்விட்டு, வீட்டுக்குப் போயி மஞ்சத்தண்ணியில கழுவி, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவாங்க. நீங்க நல்ல மனுசன், வருத்தப்படுவீங்கன்னு யாரும் சொல்றதில்ல."

இஞ்ஞாசிமுத்து மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார். அவளோ கயிற்றைப் பிடரிப் பக்கம் உயர்த்தி, கிழங்கைக் கொண்டைக்குள் செருகினாள்.

"இங்க இருந்தா உங்க படத்துல விழுமா?"

"விழாது."

"தாலியவே இப்படி வச்சிருக்கலாமே. தலையில இருக்கிறது குத்தமில்ல. நீங்க ஏன் வாயப் புடிச்சீங்க?"

மூன்றாம் படம் தெளிவாய் இருந்தது. டாக்டர் மூன்றையும் பார்த்தார்.

"அந்த நிழல் என்னங்க?"

"மஞ்சள், டாக்டர். கிழங்கு."

டாக்டர் அவரையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுத்தம் என்று கையெழுத்திட்டார். இஞ்ஞாசிமுத்து இருட்டறை வாயிலில் நின்று மன்றாட்டை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "இரும்பு, வெள்ளி, தங்கம், மஞ்சள்." ராகம் கெடவில்லை.

வெளியே மருதம்மாள் தாலியைக் கண்ணில் ஒற்றி மருமகள் கழுத்தில் போட்டாள்.

"திங்கக்கெழம பஸ்ஸுதானே?"

"ஆமா அத்தே."

"கடைசிப் படத்துலயாவது சிரிச்சியா?"

"சிரிச்சேன் அத்தே."

"அதான் நல்லா வந்திருக்கு" என்றாள் மருதம்மாள்.