மொட்டு கிள்ளுகிற வேலை

மடுல்சீமைக்கு மேலே, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மணிநேரம் நடந்தால் வருகிற தோட்டத்தில் வேலாயி இருக்கிறாள். செடி பிடுங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுவாள். வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். ஒரே இழுப்பில் முழுசாக வெளியே வந்துவிடும். வேர்நுனி அறுந்து மண்ணில் தங்காது. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. கடைசியில் அவளை உடைத்துப்போட்டதும் இந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

அவளுக்கு நிரோஷினி என்று ஒரே மகள். ஐந்து வயதில் காய்ச்சல் கண்டது. அடைமழைக் காலம், மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. புருஷன் மாடசாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றைக் கடந்து, அந்தப் பக்கம் நின்ற லொறியில் ஏறினான். பதுளை போய்ச் சேருமுன் பிள்ளை போய்விட்டது. பாதை போட்டுத் தருகிறோம் என்று ஓட்டுக் கேட்க வந்தவர்கள், அதற்குப் பிறகும் வந்து அதையே சொன்னார்கள். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

அந்தத் தோட்டத்தில் செத்தவர்களைக் கைவிட்ட தேயிலைச் சரிவில்தான் புதைப்பார்கள். நிலம் கம்பெனியுடையது, கல் நடவோ பெயர் எழுதவோ யாருக்கும் உரிமை இல்லை. தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பைக் குத்திவிட்டு வருவார்கள். அது காய்ந்து போகும், அவ்வளவுதான். மாடசாமிதான் குழி வெட்டினான். மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போன வேலாயி, பிள்ளை பால் குடித்த எவர்சில்வர் டம்ளரைத் தலைமாட்டில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தாள். அதன்மேல் காட்டுச் சூரியகாந்திக் கொப்பொன்றைக் குத்தினாள். நிரோஷினி அந்த மஞ்சள் பூவைக் காதில் செருகிக்கொண்டு லயத்து வீடுகள் முழுக்கத் திரிந்தவள்.

மற்றவர்கள் குத்திய கொப்புகள் காய்ந்தன. வேலாயியின் கொப்பு தளிர்த்தது. சில மாதத்தில் பூத்தும் விட்டது. “புள்ள சிரிக்குது பாருடி,” என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடி காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்றாள்.

ஏழு வருடத்தில் அந்தச் சரிவு முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஆளுயரத்துக்கு மேல் காட்டுச் சூரியகாந்தி; அடியில் ஒரு புல் இல்லை. மானாப்புல்லைத் தின்ன வந்த மரை மான்கள், மேய இடமில்லாமல் மரக்கறித் தோட்டங்களில் இறங்கி, சுருக்குக் கம்பியில் கழுத்தைக் கொடுத்தன. அப்போதுதான் கேசினி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், காட்டு மிருகங்களுக்காக வேலை செய்கிற ஒரு சங்கத்தில் உத்தியோகம். மேலே உள்ள காட்டிலிருந்து கீழே ஓடைவரை மரைகள் இறங்கிப்போக வழி வேண்டும், அதற்கு இந்தச் செடியை ஒழிக்க வேண்டும் என்று கம்பெனியிடம் அனுமதி வாங்கிப் பத்துப் பேரைச் சேர்த்தாள். வேலாயி முதல் ஆளாகச் சேர்ந்தாள்.

வேலை தொடங்கி ஒரு மாதம் கழித்து, தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கேசினி கேட்டாள். “உது எங்கட நாட்டுச் செடி இல்லை. ரோட்டோரம் நிண்டது எப்பிடி இந்தச் சரிவுக்குள்ள வந்தது?”

வேலாயி கோப்பையைக் கீழே வைத்தாள். “நான்தான் மிஸ் வச்சேன். எம் புள்ள தலமாட்டுல.”

கேசினிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “அந்த ஒரு செடி நிக்கட்டும் அக்கா. ஆனா பூக்க மட்டும் விடாதேங்கோ. மொட்டு வந்த உடன கிள்ளிப்போட வேணும். விதை விழுந்தால் நாங்கள் செய்ததெல்லாம் வீண்.”

வேலாயி ஏழு வருடத்தில் மூடிப்போன அந்தக் காட்டுக்குள் தேடிப் பார்த்து, நடுச்சரிவில் எல்லாவற்றிலும் தடித்துக் கிடந்த செடியைக் காட்டினாள். முதலில் வைத்ததுதானே பெரிதாக இருக்கும்? மற்றதையெல்லாம் பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினார்கள். செத்தவர்கள் கிடக்கிற நடுச்சரிவில் மட்டும் வேறு யாரையும் கைவைக்க விடாமல் வேலாயியே பிடுங்கினாள். அடுத்த மழைக்கு மானாப்புல் வந்தது. ஒரு விடியலில் மரையொன்று குட்டியோடு ஓடைக்கு இறங்குவதை வேலாயியே பார்த்தாள். பிள்ளை கிடக்கிற இடத்தில் குட்டி மேய்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் மொட்டுக் கிள்ளுவாள். பிள்ளை செத்த நாளிலிருந்து அந்தச் சரிவில் கால் வைக்காத மாடசாமி ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டான். “பெத்தவளே பூக்க விடாம கிள்ளிக்கிட்டு இருக்கியே?” அன்று அவள் சாப்பிடவில்லை.

பிறகு லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டில் ஒரு விசேஷம். நிரோஷினியோடு ஒன்றாக மண்ணில் விளையாடிய பெண் பெரியபுள்ளையாகிவிட்டாள். பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, போட்டோக்காரன் பண்டாரவளையிலிருந்து. வேலாயியும் போய் ஆலாத்தித் தட்டைப் பிடித்தாள். அந்த ஞாயிறு செடியில் மூன்று மொட்டுகள் இருந்தன. கிள்ளவில்லை. எம் பிள்ளைக்கும் ஒரு தடவை பூ இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு மூன்றும் விரிந்திருந்தன. வாடட்டும், கிள்ளிவிடலாம் என்று இருந்தவளை மழை பிடித்துக்கொண்டது. மறுபடியும் மண்சரிவு, ஒரு மாதம் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. அவள் போய்ப் பார்த்தபோது பூக்கள் கறுத்துக் காய்ந்து, விதையெல்லாம் உதிர்ந்து தலை வெறுமையாக இருந்தன.

அடுத்த மழைக்குப் புல்லுக்குள்ளே ஓடைவரை கன்றுகள் முளைத்தன. கேசினி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “பழைய விதை மண்ணுக்குள்ள கிடந்திருக்கும் அக்கா. ஆரிலயும் பிழை இல்லை.”

பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். “இல்ல மிஸ்,” என்றாள் வேலாயி. “நான்தான். கிள்ளாம விட்டுட்டேன்.” சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்தச் செடியிடம் போனாள். கேசினி வேண்டாம் என்று பின்னால் ஓடினாள். அதற்குள் பாதி வேர் வெளியே வந்திருந்தது.

தலைமாடு நெருங்கியதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினாள். டம்ளரில் அடிபட்டுவிடக்கூடாதே. ஒரு சாண் போனாள். இரண்டு சாண் போனாள். வேர் முழுசாக வந்துவிட்டது. டம்ளர் இல்லை. பக்கத்தில் தோண்டினாள், மேலே தோண்டினாள், நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. குழி ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு வந்த பிறகும் டம்ளர் இல்லை.

யாரோ சொல்லி மாடசாமி ஓடிவந்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

“என்னங்க, நீங்கதானே குழி வெட்டுனீங்க? எங்கன்னு காட்டுங்க.”

அவன் சரிவை மேலும் கீழும் பார்த்தான். “அப்ப இங்கிட்டு ஒரு பெரிய தேயில நின்னுச்சி. அத வச்சித்தான் அடையாளம்...” தேயிலையும் இல்லை, மண்சரிவில் எல்லையில் ஓடிய தண்ணீர்க் கானும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றவன் அப்படியே குந்தி முகத்தை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை ஞாயிறும் அவள் மொட்டுக் கிள்ளியது வேறொரு செடியில். பிள்ளையின் தலைமாட்டில் நின்ற செடியை எப்போதோ அவளே பிடுங்கியிருக்கிறாள், வேர்நுனிகூட மிச்சமில்லாமல். பிடுங்கிக் குவியலில் போட்டு, தீக்குச்சியும் அவளே கிழித்தாள். வேலாயி அலறிய அலறல் கீழே லயத்துக்குக் கேட்டது.

இப்போதும் அவள் அந்தச் சரிவில்தான் வேலை செய்கிறாள். புதிய கன்றுகள் பிடுங்கப்படுகின்றன. மரைகள் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. மற்றவர்கள் பத்துக் கன்று பிடுங்குவதற்குள் வேலாயி ஒன்றுதான் பிடுங்குகிறாள். பிடுங்கிய குழிக்குள் முழங்கைவரை கையை விட்டு, சுற்றிலும் துழாவிப் பார்த்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் அடுத்த கன்றுக்குப் போகிறாள். கேசினி அவளை அவசரப்படுத்துவதில்லை. சரிவில் பாதி முடிந்துவிட்டது. டம்ளர் இன்னும் கிடைக்கவில்லை.