பச்சை நூல் காட்டிய கிப்லா

லாத்தா வீட்டு அலமாரியில் ஒரு பூமி உருண்டை இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு குண்டூசி, மக்காவில் ஒரு குண்டூசி, இரண்டுக்கும் நடுவே இறுக்கிக் கட்டிய பச்சை நூல். அந்த நூலில் யாரும் கைவைக்கக் கூடாது. கட்டியவள் என் லாத்தா, கூடப்பிறந்த அக்கா. கட்ட வைத்தவர் அவள் கணவர், என் மச்சான்.

தொண்ணூறுகளில் நியூ ஜெர்சியின் ஐசலினுக்கு வந்த புதிதில் மச்சான் மேற்கே பார்த்துத் தொழுதாராம். கீழக்கரைக்காரருக்குத் தொழும் திசையான கிப்லா என்றால் மேற்கு, அவ்வளவுதான்! லாத்தா சிரித்த சிரிப்பில், சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்துத் தென்கிழக்குக்கு மாறினார். அதன்பின் மனிதர் இம்மியும் நகரவில்லை. அவருடைய வாப்பா ஊரில் மௌத்தானபோது கிரீன் கார்டு வரவில்லை, போனால் திரும்ப முடியாது. அந்தத் தென்கிழக்கைப் பார்த்தே அழுது அழுது துஆ கேட்டார்.

ஒரு பெருநாள் விருந்தில் நண்பர் ஒருவர், "பாய், இங்கேருந்து கிப்லா நார்த் ஈஸ்ட். நீங்க ராங் சைடுல தொழுறீங்க" என்று சொல்லிவிட்டார். மச்சானுக்கு வந்ததே கோபம்! பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

லாத்தா கணக்குப் படித்தவள். நூலகத்திலிருந்து அல்-பிரூனியைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆயிரம் வருடங்களுக்கு முன்னால், கஸ்னா நகரத்தின் கிப்லாவைக் காண்பதற்காக வானத்தை அளந்து, உருண்டையான பூமிக்கு உரிய கணக்கைப் போட்டவர். அவர் ஓர் ஊரிலும் இன்னோர் அறிஞர் பாக்தாதிலும் ஒரே சந்திர கிரகணத்தைப் பார்த்து, நேர வித்தியாசத்தை வைத்தே ஊர்களின் இடைவெளியைக் கண்டார்களாம். நான் வாயைப் பிளந்தேன். மச்சான் அசையவில்லை.

இரண்டு ஊருக்கும் இடையே மிகக் குறுகிய வழி தெரியும்படி லாத்தா உருண்டையில் நூலைக் கட்டி இழுத்தாள். அது வடகிழக்கே ஏறி, ஐரோப்பா வழியாக மக்காவில் இறங்கியது. மச்சான் உருண்டைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அப்போ வாப்பாவுக்கு நான் கேட்ட துஆவெல்லாம் எங்க புள்ள போச்சு?"

இவ்வளவு நாள் அவர் பிடித்த பிடிவாதம் இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எங்கேயும் போகலைங்க. இந்தக் கணக்கெல்லாம் வர்றதுக்கு முந்தி எத்தனை பேரு தொழுதிருப்பாங்க! தெரிஞ்ச வரைக்கும் சரியாத்தானே நின்னீங்க? மாமா எங்க இருக்காங்கன்னு அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

அடுத்த தொழுகைக்கு முசல்லாவை வடகிழக்கே விரித்தார். டிவி குறுக்கே நின்றது. தாமே அதைத் தள்ளி வைத்தார்.

போன குளிர்காலத்தில் மச்சான் மௌத்தானார். கபருக்குள் இறங்கி, வலப்பக்கம் சாய்த்து, அவர் முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பியவர்களில் நானும் ஒருவன். வீடு திரும்பியபோது லாத்தா அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சரியான பக்கம்தானே வச்சீங்க?"

"ஆமா லாத்தா. வடகிழக்குதான்."

யாரையும் தொடவிடாத அந்த நூலை, நியூ ஜெர்சியிலிருந்து மக்கா வரைக்கும் ஒற்றை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனாள்.