சுவரில் இல்லாத மணி

கப்பற் கல்லூரியில் படித்தவனுக்குத் தண்ணீரில்தான் பிழைப்பு. நான் படித்துவிட்டுக் கண்டி மலையில் உட்கார்ந்திருந்தேன். படித்ததற்கு வேலை கிடைக்காமல் கிடைத்ததைச் செய்தவர்களே, இது உங்களுக்கு. மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

கொழும்புப் பயணம்

பம்பாயில் மூன்று வருடம் கப்பல் எஞ்சின் படித்தேன். வெளியே வந்தபோது முப்பதுகளின் வியாபார மந்தம். பெரிய சான்றிதழ் வேண்டுமானால் கடலில் வேலை செய்திருக்க வேண்டும். கடலில் வேலை வேண்டுமானால் பெரிய சான்றிதழ் வேண்டும். இதை எவன் வகுத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை காலை ரயிலில் இறங்கிப்போய்க் கப்பல் ஏஜண்டின் கந்தோரில் வேலை கேட்டு நிற்பேன். ஏழாம் மாதம் அங்கிருந்த கிளாக்கர், நம் யாழ்ப்பாணத்து ஆள்தான், தலை நிமிராமலே சொன்னார்:

"அண்ணை, கப்பலே சரக்கில்லாமல் சும்மா நிக்குது. நீங்களும் ஏன் வந்து நிக்கிறியள்?"

பெண் பார்த்தது

கண்டியில் ஒரு வாத்தியார் வீட்டில் பெண் பேசினார்கள். கப்பற் கல்லூரி வெள்ளை உடுப்போடு நான் எடுத்த படத்தைத் தரகர் முதலே காட்டியிருந்தார். கதிரையில் உட்காருவதற்குள் பெண்ணின் தாயார் கேட்டார்:

"கப்பல் கிடைச்சா நீர் வீட்டில இல்லை. கிடைக்காட்டில் வீட்டில சோறில்லை. எதை நம்பித் தம்பி பெட்டையைத் தாறது?"

தாழாத கப்பல்

கடைசியில் திகனப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கப் போனேன். கப்பலில் இருப்பதுபோல நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய், நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சூடு பார்த்து எழுதினேன். யாரும் கேட்கவில்லை. மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் காசிம் நானா, மடவளைக்காரர், ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது தாழாத கப்பல். அதுக்கே அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்ங்க."

சுவர்

கப்பலில் எஞ்சின் அறைச் சுவரில் ஒரு வட்டத்தட்டு உண்டு. மேல்தளத்திலிருந்து கைப்பிடியைத் திருப்பினால் கீழே மணி அடிக்கும்; முள் 'நில்' என்று காட்டும். அது அடிக்காமல் எஞ்சினை நிறுத்தக்கூடாது. எவன் கத்தினாலும் கூடாது. மூன்று வருடம் இதைத்தான் மண்டையில் அடித்து ஏற்றினார்கள்.

ஒரு காலை முத்தையாவின் கை எஞ்சின் ஓட்டும் தோற்பட்டியில் சிக்கியது. இலை உருட்டுகிறவன், இரண்டு பிள்ளைக்காரன். "நிப்பாட்டுங்கையா!" என்று கத்தினான். நான் சுவரைப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்புச் சுவர். பிறகுதான் நிறுத்தினேன்.

மூன்று விரல் போயிற்று. கண்டி ஆஸ்பத்திரியில் அவன் ஒரு கேள்விதான் கேட்டான்:

"செவுத்துல என்னங்கையா பாத்தீங்க?"

வட்டத்தட்டு, மணி, எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

கையெழுத்து

அடுத்த வாரமே கப்பல் ஏஜண்டிடமிருந்து கடிதம் வந்தது. நாலாம் எஞ்சினியர் வேலை. பெரிய சான்றிதழுக்குப் பதில் இப்போதைய இடத்து நற்சான்றோடு வரவும். தோட்டத்துத் துரை மேசையில் இரண்டு காகிதம் வைத்தார். ஒன்று என் நற்சான்று. மற்றது, முத்தையா கவனமின்றித் தானே கையை விட்டான் என்ற வாக்குமூலம். இரண்டாவதில் கையெழுத்து வைத்தால் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வருடம் காத்திருந்தவன் நான். வைத்தேன். அந்தக் காகிதத்தைக் காட்டி அவனைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள்.

கண்டி ஸ்டேஷனில் அவனைக் கண்டேன். மனைவி, பிள்ளைகள், ஒரு தகரப் பெட்டி. இந்தியாவுக்குப் போகிறான். காகிதத்தில் யார் கையெழுத்து என்று அவனுக்குத் தெரியும். படித்துக் காட்டித்தான் வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். நான் வேறு பக்கம் திரும்பினேன். அவனே வந்தான். துணி சுற்றிய கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

"கப்பல் கெடைச்சிருச்சாமே, நல்லா போயிட்டு வாங்கையா. அங்கதான் மணி இருக்குமே, அடிச்சவொடன நிப்பாட்டிருங்க."

கப்பற் படிப்புக்கு எதிர்காலம் உண்டா என்று இன்றைக்கும் வந்து கேட்கிறார்கள்: உண்டு, முப்பது வருடம் நன்றாகவே ஓடியது, போன விரல்களும் என்னுடையவை அல்ல.