நீலப் பொம்மைக் கொலு

பத்திரிகைகளில் ஒரு பக்கம் வரும், பார்த்திருப்பீர்கள். காலி டப்பா, பழைய பேப்பர், கொஞ்சம் பசை இருந்தால் போதும், செலவே இல்லாமல் குழந்தைகளோடு வீட்டிலேயே சந்தோஷமாகப் பொழுதைப் போக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதையெல்லாம் நான் செய்து முடித்தவள். காலி டப்பாவையும் பழைய பேப்பரையும் வைத்து ஒரு கொலுவே வைத்தேன்.

எழுபதுகளின் நடுவில், அல் கோபாரில். என் வீட்டுக்காரர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன், கட்டடத்துக்குப் படம் வரைகிற வேலை. கம்பெனி எங்களுக்கு ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியைக் கொடுத்திருந்தது. அதில் ஜன்னல் என்று ஒன்று இருந்தது. என் தலைக்கு மேலே, பால் நிறக் கண்ணாடி போட்டு, திறக்கவே முடியாதபடி. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். மாடியில் வீட்டு உரிமையாளர் குடும்பம், அரபிகள். காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வருவார். அதுவரை நான், ஆறு வயது மகள், இரண்டு அறை. துணையில்லாமல் நான் தெருவில் இறங்கக்கூடாது. பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் கிடையாது. வெள்ளிக்கிழமை அவரோடு கடைவீதிக்குப் போய் வந்தால் அந்த வாரத்துக்கு உலகம் முடிந்தது.

"அடுத்த மாசம் ஸ்கூல்ல சீட் கெடச்சிடும்னு ஆபீஸ்ல சொல்றாங்க" என்று அவர் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஏழு மாதமாக நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் குழந்தைக்கு அந்தச் சாமர்த்தியம் வருமா? முதலில் அவள் குளியலறைக் குழாயோடு பேசினாள். அப்புறம் ஃபிரிட்ஜோடு. மாடியில் ஒரு பெண் குழந்தை இருந்தது. தட தடவென்று அது மேலே ஓடினால் இவள் கீழே அதே திசையில் ஓடுவாள். அது நின்றால் இவளும் நின்று கூரையைப் பார்ப்பாள். ஏழு மாதத்தில் அந்தக் குழந்தையின் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. பிறகு இவள் ஓடுவதையும் விட்டுவிட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், தூங்கு என்றால் தூங்கினாள். ஊரில் வாயாடி என்று பேர் வாங்கிய பெண். அவளுக்கு வேண்டியது பொம்மையோ மிட்டாயோ இல்லை. சண்டை போட ஒரு குழந்தை வேண்டும். அதைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை.

அந்த வருஷம் வெயில் இறங்கி, ஏசியை முதல் தடவையாக நிறுத்திய வாரத்தில் அம்மாவின் கடிதம் வந்தது. நவராத்திரி ஆரம்பிக்கிற தேதியைப் போட்டிருந்தாள். நான் கொலு வைக்கப் போகிறேன் என்றேன். இவர் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"சாமி படத்தையே ஏர்போர்ட்ல வாங்கி வெச்சிக்கிட்டான். உனக்குக் கொலு கேக்குதா?"

"சாமி வேண்டாம். வெறும் பொம்மைதான். பிள்ளை கை வேலையா இருக்கட்டுமே."

"பொம்மைன்னு நீ சொல்லுவ. மாடில இருக்கறவர் சொல்லணுமே? அவர் கபீல்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கலாஸ், அவ்வளவுதான். மூணு பேரையும் பிளேன்ல ஏத்திடுவான்."

கபீல் என்பது இவருக்கு விசா கொடுத்திருந்த அரபி முதலாளி. எங்கள் பாஸ்போர்ட் அவருடைய பெட்டியில் இருந்தது. இவர் பயந்த சுபாவம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஊரில் இரண்டு வருஷம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மனுஷன், பயப்படாமல் என்ன செய்வார்? கடைசியில் மகளைப் பார்த்தார். அவள் ஃபிரிட்ஜுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். "கதவைச் சாத்திட்டு செய். யாருக்கும் தெரியக்கூடாது" என்றார்.

பேப்பர்க் கூழில் பொம்மை செய்யலாம் என்று ஆரம்பித்தேன். பழைய செய்தித்தாளை வாளியில் ஊறப் போட்டதைப் பார்த்து அவர் பதறிப்போய்த் தூக்கினார். "இதுல அவங்க ஆண்டவன் பேரு எங்கயாவது இருக்கும். அதை நீ பிசைஞ்சியா, முடிஞ்சுது கதை." எனக்கு அது தோன்றவே இல்லை, வெட்கமாகப் போய்விட்டது. ஈரப் பேப்பரை விரித்துக் காயவைத்து ஒழுங்காக மடித்து எடுத்து வைத்தோம். மறுநாள் ஆபீசிலிருந்து தப்பாகப் போன கட்டடப் படங்களைச் சுருட்டிக் கொண்டு வந்தார். நீலக் கோடு போட்ட அமோனியா பிரிண்ட். அதை ஊறவைத்து, வெந்தயத்தையும் ஊறவைத்து நசுக்கிச் சேர்த்து, மைதாப் பசை விட்டுப் பிசைந்தால் வெளிர் நீலத்தில் ஒரு கூழ் வந்தது, மருந்து வாடையோடு. செய்த பொம்மை எல்லாம் நீலம். செட்டியார் நீலம், செட்டிச்சி நீலம், போலீஸ்காரன் நீலம். கிருஷ்ணர் ஒருவருக்குத்தான் அந்த நிறம் பொருந்தியிருக்கும், அவரைச் செய்ய எனக்கு அனுமதி இல்லை.

வெயிலில் காயவைக்க வழியில்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூட்டில் வரிசையாக நிற்கவைத்தோம். ஆப்பிள் சுற்றி வருகிற ஊதாத் தாளில் புடவை கட்டினோம். கண்ணுக்கு என் கண்மை, உதட்டுக்குக் குங்குமம், நகைக்கு மஞ்சள் தூள். பேரீச்சங்கொட்டைகளைக் கழுவி செட்டியார் கடையில் குவித்தோம். பிஸ்கட் டின் மூடியில் ஈரத் துணி போட்டுக் கடுகு தூவினேன். நாலு நாளில் பூங்கா முளைத்தது. பால் பவுடர் டின்களையும் அட்டைப் பெட்டிகளையும் அடுக்கி, மேலே அவருடைய வேட்டியை விரித்து ஐந்து படி. மகள் கூழை முழங்கை வரை அப்பிக்கொண்டு, "இந்தப் போலீஸ்காரனுக்கு மூக்கு பத்தாது" என்று என்னை அதட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பொம்மை மட்டும் என்று சொல்லியிருந்தேனே ஒழிய, கலசம் இல்லாமல் கொலு வைக்க எனக்கு மனம் வரவில்லை. பித்தளைச் சொம்பில் தண்ணீர் நிரப்பி, தேங்காய்க்கு மஞ்சள் பூசி மேலே வைத்தேன். மாவிலைக்குப் பச்சை அட்டையைக் கத்தரித்துச் செருகினேன். அவர் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார்.

நான் செய்த பிசகு என்ன தெரியுமா? சின்ன வயதில் திருச்சியில் நாங்கள் கொலுவுக்கு எப்படி அழைப்போம் என்று மகளுக்குச் சொன்னேன். பட்டுப் பாவாடை கட்டி, கையில் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போவோம். "எங்க வீட்ல கொலு வெச்சிருக்கோம், வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவோம். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வாளியை அழைத்தாள், ஏசியை அழைத்தாள், ஃபிரிட்ஜை இரண்டு தடவை அழைத்தாள். முதல் நாள் விளக்கேற்றிச் சுண்டல் செய்து உட்கார்ந்தோம்.

"யாரும்மா வருவா?"

"அப்பா வருவாங்க."

"அப்பா தெனமும்தான் வராங்க."

இரண்டாம் நாளும் அதே கேள்வி. அதற்கு நான் அதட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை நான் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. தாழ்ப்பாளுக்குக் கீழே ஒரு பால் டின். புடவையை அள்ளிச் செருகிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் மாடிப்படியில் பேச்சுச் சத்தம். என் மகள் பட்டுப் பாவாடையும் குங்குமச் சிமிழுமாக இறங்கி வருகிறாள். இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுருட்டை முடிக் குழந்தை, இவள் உயரம். பின்னாலேயே அதன் அம்மா, வீட்டு உடுப்பில், ஒரு தட்டுப் பேரீச்சம்பழத்தோடு.

"கூப்பிட்டேன், வந்துட்டாங்க" என்றாள் என் பெண். தமிழில்தான் அழைத்திருக்கிறாள். சின்னக் குழந்தை வாசலில் வந்து நின்றால் எந்தத் தாய்க்குத்தான் புரியாது.

வந்தவளை வெளியே போ என்று எப்படிச் சொல்வது? தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் படியருகே போய்க் குனிந்து பார்த்தாள். போலீஸ்காரனைப் பார்த்துச் சிரித்தாள். செட்டிச்சியின் ஊதாத் தாளைத் தொட்டுப் பார்த்து, "ஜைன், ஜைன்" என்றாள். நன்றாக இருக்கிறதாம். அப்புறம் மேல் படியைக் காட்டினாள்.

"ஏஷ் ஹாதா?"

இது என்ன என்று கேட்கிறாள். மஞ்சள் தேங்காய், குங்குமப் பொட்டு, கலசம். என்னை அறியாமல் கை மேலே போயிற்று. தேங்காயை எடுத்துக் கீழே வைத்தேன். அட்டை மாவிலைகளை உருவிப் போட்டேன். ஒரு டம்ளரை எடுத்து, கலசத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றி அவளிடம் நீட்டினேன். "தண்ணிங்க. மோயா. வெறும் மோயா" என்றேன். பத்து நாளும் அசைக்கக்கூடாத கலசம். அவள் வாங்கி முழுவதும் குடித்துவிட்டு "ஷுக்ரன்" என்றாள். சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுண்டலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

குழந்தைகள் அதற்குள் பொம்மைகளை எல்லாம் தரையில் இறக்கிவிட்டிருந்தன. கடுகுப் பூங்காவில் போலீஸ்காரன் குப்புறக் கிடந்தான். பேரீச்சங்கொட்டைக்குச் சண்டை. இவள் தமிழில் திட்ட, அது அரபியில் திட்ட, பிறகு இரண்டும் சேர்ந்து உருண்டு சிரித்தன. அந்த ஒரு மணி நேரம் என் வீட்டில் வீட்டுச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். அவள் ஜன்னலைக் காட்டி, கதவைக் காட்டி, தன்னையும் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். "மாஃபி" என்றாள், எதுவும் இல்லை என்று. அவளுக்கும் வெளியே போக்குவரத்து அதிகம் இல்லை என்று எனக்குப் புரிந்தது, அல்லது நான் அப்படிப் புரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது என் மகள் முறைப்படி சிமிழைத் திறந்தாள். நான் எழுவதற்குள் அந்தக் குழந்தையின் நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்துவிட்டாள். தாய் சிரித்துக்கொண்டே துடைக்கப் போனாள். குழந்தை நெற்றியைக் கையால் மூடிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டது. பின்னாலேயே அவளும் போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மதியத் தொழுகை முடிந்து மாடி வீட்டு உரிமையாளர் வருகிற நேரம் அது.

மாலை என் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தார். "மேல ஏதாவது சத்தம் கேட்டுதா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். கேட்கவில்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. மகள் வாளி பக்கத்தில் நின்று, "நாளைக்கும் வரேன்னு சொல்லிருக்கா" என்றாள். எந்தப் பாஷையில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு யார் தட்டினாலும் தெறக்காத" என்று அவர் என்னிடம் சொன்னார். தாழ்ப்பாளுக்கு மேலே இன்னொரு தாழ்ப்பாள் அடித்தார்.

மறுநாள் பத்து மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். ரொம்பக் கீழே, என் இடுப்பு உயரத்தில். பெரியவர்கள் யாரும் அங்கே தட்டமாட்டார்கள். கூட யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அப்பா நிற்கலாம், அம்மா நிற்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம்.

"கோலூ" என்றது ஒரு சின்னக் குரல். "கோலூ, கோலூ."

என் மகள் எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் செய்தேன். பாய்ந்து போய் அவளை இழுத்து மடியில் போட்டு வாயைப் பொத்தினேன். அவள் திமிறினாள். நான் இன்னும் இறுக்கினேன். வெளியே தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் தட்டாமல் நின்றது. பிறகு செருப்புச் சத்தம் மெதுவாகப் படியேறிப் போயிற்று.

கையை எடுத்தேன். அவள் அழவில்லை. என் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டாள்.

"அவ கெட்டவளாம்மா?"

இல்லை என்று சொன்னால் கதவைத் திற என்பாள்.

"ஆமா" என்றேன்.